அவள் ஓட்டுவாள், அவன் நிறுத்துவான்

என் அண்ணி வெர்டாவுக்குச் சமையல் வராது. நாத்தனார் புத்தியில் இதைச் சொல்லவில்லை. மிசௌரியின் இந்த மலைப்பக்கத்தில் எங்கள் ஸ்டீகல் குடும்பத்தை அறிந்த யாரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள். பன்றிக்கால் போட்டு வேகவைக்கும் பீன்ஸைக்கூடத் தீய விட்டுவிடுவாள். ஆனால் ஒரு ஜோடி கோவேறு கழுதைகளின் கடிவாள வாரை அவள் கையில் கொடுத்துப் பாருங்கள். மற்றவர்கள் இறங்கி நின்று யோசிக்கிற இடத்தில் அவள் வண்டியைத் திருப்பிக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்பாள். அவளுடைய அப்பா காட்டிலிருந்து ரயில் பாதைக்குக் கழுதை வண்டியில் கட்டை இழுத்தவர். ஆண்பிள்ளை இல்லாத வீடு. அதனால் பள்ளிக்கூடம் போகிற வயதிலேயே அவள் கைக்கு வார் வந்துவிட்டது.

என் அண்ணன் ஆர்லிஸுக்குக் கல்யாணத்துக்கு முந்தின வருடம் மரம் அறுக்கும் மில்லில் வலக்கை விரல்கள் மூன்று போய்விட்டன. வாரை இறுக்கிப் பிடிக்க முடியாது. ஆகவே வண்டிப் பலகையில் வலப்பக்கம் அவள், இடப்பக்கம் அவன் என்று ஆயிற்று. வார் அவள் கையில், பிரேக் மிதி அவன் காலடியில். எங்கள் ஊர் ஆண்களுக்கு இது பெரிய வேடிக்கை. கடை வாசலில் ஒருவன் எல்லோருக்கும் கேட்கும்படி வம்புக்கு இழுத்தான்.

"என்ன ஆர்லிஸ், பொண்டாட்டி ஓட்டுறா, நீ என்ன மூட்டையா?"

அண்ணன் கொஞ்சமும் அசரவில்லை. "அவ ஓட்டுவா, நான் நிறுத்துவேன். உன் பொண்டாட்டிய ஒரு நாளாவது நீ நிறுத்தியிருக்கியா?" என்றான். அந்த ஆளுடைய மனைவி உள்ளே மாவு வாங்கிக்கொண்டிருந்தாள். அவள்தான் முதலில் சிரித்தாள்.

வருடா வருடம் அக்டோபரில் ஓக் இலைகள் சிவக்கத் தொடங்கியதும் நாங்கள் வண்டி கட்டிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போவோம். என் அப்பா காலத்தில் அது பிழைப்பு. ஆற்றோரத்து மில்லில் மக்காச்சோளம் அரைக்கப் போய், முறை வரும்வரை குடும்பத்தோடு அங்கேயே கிடப்பார்கள். மில்லை மூடிப் பல காலம் ஆகிவிட்டது, இப்போது அதற்குக் கூரைகூட இல்லை. நாங்கள் போவது மட்டும் நிற்கவில்லை. சோளம் இல்லாமல் மில்லுக்குப் போகிற குடும்பம் என்று ஊரில் எங்களைக் கேலி செய்வார்கள். ஒரு வாரம் கூழாங்கல் திட்டில் தங்குவோம். அணில் சுடுவோம், மீன் பிடிப்போம், வண்டியின் கித்தான் கூரைக்கடியில் போர்வைக்குள் முடங்கிக் கிடப்போம். வார்ப்பிரும்புச் சட்டியில் ரொட்டி சுடுவது என் பொறுப்பு. காரணம் ஏற்கெனவே சொல்லிவிட்டேன்.

ஆற்றுக்குப் போக ஒரே வழி கட்லர் இறக்கம்தான். செங்குத்தான பாதை, பாதியில் ஒரு வளைவு, ஒரு பக்கம் மண்கரை, மறுபக்கம் பள்ளம். மேட்டின் உச்சிக்கு வந்ததும் அண்ணி இரண்டு வார்களையும் இழுத்துப் பிடித்துக்கொண்டு, "மிதிய்யா" என்பாள். அண்ணன் மிதிப்பான். பிரேக் கட்டை சக்கரத்தில் உராய்ந்து கிறீச்சிடும், வண்டி சாதுவாக இறங்கும். அவள் திரும்பிப் பார்க்கமாட்டாள், குரலையும் உயர்த்தமாட்டாள். காப்பி கொண்டா என்று கேட்பதுபோலத்தான் அதைச் சொல்வாள். கல்யாணமான வருடத்திலிருந்து ஒரு தடவைகூட அவன் மிதிக்கத் தவறியதில்லை.

நாளடைவில் அது எங்கள் வீட்டுச் சொல்லாகிவிட்டது. சாப்பாட்டு மேசையில் யாராவது அளவுக்கு மீறி அளந்தால் "மிதிய்யா." பாதிரியார் பிரசங்கத்தை முடிக்காமல் இழுத்தால் பக்கத்தில் இருப்பவர் காதில் "மிதிய்யா." அண்ணனுடைய பேத்தி லோர்னா பேசப் பழகிய புதிதில், பால் போதும் என்பதற்கே மிதி என்றுதான் சொன்னாள்.

போன ஏப்ரலில் வேலிக்குக் கம்பி கட்டிக்கொண்டிருந்த அண்ணன், களைப்பாக இருக்கிறது என்று கம்பத்தில் சாய்ந்து உட்கார்ந்தான். எழுந்திருக்கவில்லை. சாப்பிடக் கூப்பிடப் போன அண்ணிதான் பார்த்தாள்.

அவள் அழவில்லை. அடக்கம் முடிந்து திரும்பியதும் கறுப்பு உடையைக்கூட மாற்றாமல் நேரே கொட்டகைக்குப் போய் கழுதைகள் ஜூட்டுக்கும் பெக்குக்கும் தீனி போட்டாள். துக்கத்துக்கு வந்த பெண்கள் சமையலறையில் கூடிக்கொண்டு, "கல்லு மாதிரி இருக்கா பாரு" என்று குசுகுசுத்தார்கள். அண்ணனைப் பறிகொடுத்தவள் நான், அழுது அழுது முகமே வீங்கியிருந்தது. எனக்கே அந்தப் பேச்சு பொறுக்கவில்லை. "கல்லா இருந்திருந்தா உங்க தலையிலதான் விழுந்திருப்பா, தின்னுட்டுக் கிளம்புங்கடி" என்றேன். சிலர் இன்னும் என்னோடு பேசுவதில்லை. அதில் எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

அண்ணனுக்கு ஒரே மகன் ராய்ஸ். தங்கமான பிள்ளை, ஆனால் பயந்தாங்கொள்ளி. கோடை முடிகிற சமயம் டவுனிலிருந்து வந்து அம்மாவின் முன்னால் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"அம்மா, கழுதைங்கள யாருக்காவது குடுத்துடலாம். நீ எங்ககூட வந்து இரு. இந்த வருஷம் ஆத்துக்கு என் பிக்கப் வண்டியில போவோம்."

"பிக்கப்புல போறதா இருந்தா சினிமாவுக்குப் போங்க."

"வயசாயிடுச்சும்மா."

"யாருக்கு, எனக்கா, கழுதைக்கா?"

"ரெண்டு பேருக்குந்தான்."

அண்ணிக்கு அது சுருக்கென்று தைத்தது. மகனை நேராகப் பார்த்துச் சொன்னாள். "நான் ஓட்டிக்கிட்டு கட்லர் இறக்கம் இறங்கி ஆத்தங்கரைக்கு வந்துட்டேன்னா, கழுதைங்க என்கிட்டதான் இருக்கும், நானும் என் வீட்டுலதான் இருப்பேன். முடியலன்னா நீ சொல்றபடி கேக்கறேன். ஆனா ரெண்டுல எது நடந்தாலும் அதுக்கப்புறம் பேச்சே கிடையாது."

ராய்ஸ் இறங்கி வந்தான். "சரி, நான் பக்கத்துல உக்காந்து பிரேக்க மட்டும் பாத்துக்கறேன்."

"அந்த எடத்துல யாரும் உக்காரக் கூடாது."

"நான் வேணா உக்காரட்டுமா அண்ணி?" என்றேன்.

"உனக்குந்தான் சொல்றேன் ஓபல். நீ பின்னாடி சட்டி பானையோட உக்காரு. அங்க உனக்கு நல்லாப் பொருந்தும்."

ராய்ஸ் பிரேக் மிதியில் ஒரு தோல்பட்டையைக் கட்டி, அவள் இருந்த இடத்திலிருந்தே இடக்கையால் இழுக்கும்படி செய்து கொடுத்தான். செப்டம்பர் முழுக்க அவள் அறுவடையான வயல் சரிவில் அதைப் பழகினாள். வார் இரண்டையும் வலக்கையில் சேர்த்துப் பிடிப்பாள், இடக்கையால் பட்டையை இழுப்பாள், வண்டி நிற்கும். நானே வேலியோரம் நின்று பார்த்தேன். குறை சொல்ல ஒன்றுமில்லை.

கிளம்பிய நாள் வெயிலும் குளிருமாக நன்றாக இருந்தது. நான் வண்டிக்குள் மெத்தைச் சுருட்டின் மேல், ஒரு பக்கம் பீன்ஸ் சட்டி, மறுபக்கம் காப்பிக் கெண்டி. ராய்ஸ், அவன் மனைவி, லோர்னா மூவரும் பிக்கப்பில் பின்னால் ஊர்ந்து வந்தார்கள். ஏப்ரலுக்குப் பிறகு அண்ணி அவ்வளவு பேசி நான் கேட்கவில்லை. ஜூட்டைத் திட்டினாள், பெக்கைக் கொஞ்சினாள். என்னைப் பார்த்து, "பீன்ஸ நீயே தின்னு தீத்துடாத, இன்னும் நாலு பேரு இருக்கோம்" என்றாள். "உன் கையால செஞ்சத நீ போட்டாலும் எவனும் திங்க மாட்டான்" என்றேன். அவள் தோள் குலுங்கியது. சிரிக்கிறாள் என்று தெரிந்தது. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இவள் ஜெயித்துவிடுவாள் என்று நினைத்தேன்.

கட்லர் இறக்கத்தின் உச்சி வந்தது. அண்ணி நிமிர்ந்து உட்கார்ந்தாள். வார் இரண்டையும் இரண்டு கைகளிலும் இழுத்துப் பிடித்தாள். எப்போதும் போல, முன்னால் பார்த்தபடியே, "மிதிய்யா" என்றாள்.

சொல்லிவிட்டுக் காத்திருந்தாள்.

தோல்பட்டை அவள் முழங்காலுக்குப் பக்கத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது. அவள் அதைப் பார்க்கவே இல்லை. வண்டி உருளத் தொடங்கியது. நான் "அண்ணி, பட்டை" என்று கத்தியபடி முன்னால் ஊர்ந்தேன். அதற்குள் வண்டியின் முழு பாரமும் கழுதைகளின் பின்னங்கால்களில் போய் இடித்தது, அவை மிரண்டு ஓடத் தொடங்கின. காப்பிக் கெண்டி என் நெற்றியில் மோதியது. அண்ணி வாரை விடவில்லை. அந்த ஓட்டத்திலும் பள்ளத்தில் போகாமல் மண்கரைப் பக்கமாக வண்டியைத் திருப்பினாள். அதனால்தான் நான் இன்றைக்கு உட்கார்ந்து இதை எழுதுகிறேன். சக்கரம் கரையில் ஏறி வண்டி சாய்ந்து நின்றது. பெக் நடுங்கிக்கொண்டு நின்றது. ஜூட் விழுந்து கிடந்தது. முன்னங்கால் ஒன்று முறிந்து, தோல் மட்டும் பிடித்துக்கொண்டு தொங்கியது.

ராய்ஸ் ஓடி வந்து பார்த்தான். அணில் சுடக் கொண்டுவந்த துப்பாக்கியை எடுக்க பிக்கப்புக்குத் திரும்பி நடந்தான். அவன் மனைவி குழந்தையின் முகத்தைத் தன் மேல் அழுத்திக்கொண்டாள். அண்ணி பெக்கை அவிழ்த்தாள். ஒவ்வொரு கொக்கியாகக் கழற்றி, மேட்டுக்கு மேலே நடத்திக்கொண்டு போய், முகத்தை வேறு பக்கம் திருப்பி நிறுத்தி, அதன் காதுகளைத் தன் இரு கைகளாலும் பொத்தினாள். வெடிச் சத்தம் கேட்டது. பெக் அப்படியே நின்றது.

ராய்ஸ் மேலே வந்து மெதுவாகக் கேட்டான். "பட்டை பக்கத்துலயே இருந்ததேம்மா. ஏம்மா இழுக்கல?"

"நான் சொன்னேன்" என்றாள் அண்ணி.

"யார்கிட்டம்மா?"

அவள் என்னைப் பார்த்தாள். "நீ கேட்டல்ல ஓபல்? நான் சொன்னேன்ல? சரியான எடத்துலதான சொன்னேன்? சொன்னா மிதிக்கணுமா இல்லையா? என்னைக்கும் மிதிக்கற மனுசன், இன்னைக்கு மட்டும் ஏன் மிதிக்கல?"

கேட்டுக்கொண்டே வந்தவளுக்கு அவன் ஏன் மிதிக்கவில்லை என்பது அந்த இடத்தில்தான் உறைத்தது. நான் அதைக் கண்ணால் பார்த்தேன். முகம் கோணிப்போயிற்று. பாதையின் நடுவிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஏப்ரலில் அழவேண்டியதை எல்லாம் அந்த மேட்டில் அழுதாள். மண்ணை அள்ளி அள்ளிக் கொட்டினாள், அண்ணனைப் பெயர் சொல்லித் திட்டினாள். அவளைக் கல் என்று சொன்ன பெண்கள் அப்போது அங்கே இல்லையே என்று எனக்கு வயிறு எரிந்தது.

வீட்டுக்குத் திரும்பிவிடலாம் என்று ராய்ஸ் சொன்னான். அண்ணி வேண்டாம் என்றாள். வண்டி அங்கேயே சாய்ந்து கிடந்தது. மற்றவர்கள் பிக்கப்பில் ஏறி ஆற்றங்கரைக்குப் போனார்கள். பெக்கை நான் கயிற்றில் பிடித்துக்கொண்டு நடந்தே இறங்கினேன். ஜூட் கிடந்த இடத்தைத் தாண்ட அதற்கு மனம் வரவில்லை, எனக்கும்தான்.

சாயங்காலம் ராய்ஸ் அம்மாவின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தான். "அம்மா, அந்தப் பேச்சை விட்டுடு. பெக்கு உன்கிட்டயே இருக்கட்டும், நீயும் வீட்டுலயே இரு. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"பேசுனது பேசுனதுதான்" என்றாள். "நான் உன்கூட வந்துடறேன். பெக்க மட்டும் ஜோடிக் கழுதை இருக்கற வீடாப் பாத்துக் குடு. ஒத்தையில நின்னா ஏங்கிப்போயிடும்."

அவன் எழுந்து ஆற்றோரமாகப் போய்விட்டான். முதுகைப் பார்த்தாலே அழுகிறான் என்று தெரிந்தது. நானும் அண்ணியும் மட்டும் நெருப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். என் நெற்றி விண்விண் என்று தெறித்தது. நெருப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே அவள் கேட்டாள்.

"நீ ஏன் பின்னாடி உக்காந்த?"

"நீதான அண்ணி சொன்ன, அந்த எடத்துல யாரும் உக்காரக் கூடாதுன்னு."

"ஆமா, சொன்னேன்." ஒரு சுள்ளியை ஒடித்து நெருப்பில் போட்டாள். "உங்கண்ணன மிதின்னு சொன்னேன், இன்னைக்குக் கேக்கல. உன்ன உக்காராதன்னு சொன்னேன், நீ கேட்டுட்ட."

பிறகு அவள் என் கையைப் பிடித்தாள். இத்தனை வருடத்தில் அவள் அப்படிப் பிடித்ததே இல்லை. நாங்கள் கேலி பேசிப் பழகியவர்கள், தொட்டுப் பேசிப் பழகியவர்கள் இல்லை. காய்த்துப்போன கை, பிடி நன்றாக வலித்தது. விடு என்று நான் சொல்லவில்லை.