மீனுக்கு இஸ்டா

அம்மா எண்ணூர்ப் பக்கம் இறால் உரிக்கும் வேலைக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டதால், ராயபுரத்தில் சித்தப்பா வீட்டில்தான் வளர்ந்தேன். வளர்ந்தேன் என்பது பெரிய சொல். கொஞ்ச காலம் இருந்தேன். அதற்குப் பிறகு எத்தனையோ வீடுகளில் இருந்துவிட்டேன். எந்த வீட்டிலும் அங்கே போலப் பொறாமைப்பட்டதில்லை.

சித்தப்பா கப்பலில் சமையல்காரர். சிங்கப்பூரில் வேலை செய்துகொண்டிருந்த பிலிப்பைன்ஸ் பெண்ணைக் கட்டிக்கொண்டு வந்து வீட்டில் விட்டுவிட்டு மறுபடி கப்பல் ஏறிவிட்டார். மீன் மார்க்கெட்டில் தமிழ் கற்றதால் சித்தி எங்களைவிட நன்றாகச் சண்டை போடுவாள். மகனிடம் மட்டும் தன் மொழியில் பேசுவாள். 'அனக்' என்று கூப்பிடுவாள். பிள்ளை என்று அர்த்தம். என்னைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவாள்.

தம்பிக்கு அப்போது ஆறு வயது. தெருப் பையன்கள் 'சைனா' என்று கேலி செய்த நாளிலிருந்து, சித்தி அந்த மொழியில் எதைக் கேட்டாலும் தமிழில்தான் பதில் சொன்னான். எனக்குக் கிடைக்காததை அவன் தட்டில் கறிவேப்பிலை மாதிரி ஒதுக்கிவைத்தது எனக்கு ஆத்திரமாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயில் பூசையில் பார்த்த தன் ஊர்க் கப்பல்காரர்களைச் சித்தி சாப்பிட அழைத்து வந்தாள். பெரியவர்களின் கையைப் பிடித்துத் தன் நெற்றியில் ஒற்றிக்கொள்வது அவர்கள் வழக்கம். தம்பி வேண்டாவெறுப்பாக ஒற்றினான். சாக்லேட் கொடுத்தார்கள். நானும் போய் நின்றேன். எங்கள் வீடுகளில் பெரியவர்கள் பிள்ளைகளின் நெற்றியில் சிலுவை போடுவார்கள். அந்தப் பழக்கத்தில் ஒருவரின் கட்டைவிரலைப் பிடித்து என் நெற்றியில் நானே சிலுவை போட்டுக்கொண்டேன். எல்லோரும் சிரித்தார்கள். மொட்டைமாடிக்கு ஓடிவிட்டேன்.

சித்தி பின்னாலேயே வந்தாள்.

"இன்னாமே, கோச்சிக்கினியா?"

"அவனுக்கு மட்டும் எல்லாம் சொல்லித் தர்ற. அவன் பேசறதுகூட இல்ல."

சித்தி கொடியில் கிடந்த துணியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "சரி, நாளைலேந்து நீ கத்துக்க."

மறுநாள் பின்கட்டில் மீன் கழுவும்போது பாடம் தொடங்கியது. மீனுக்கு இஸ்டா. தண்ணீருக்குத் தூபிக். சரியாகச் சொன்னால் கப்பல்காரர்கள் கொடுத்துவிட்டுப் போன காய்ந்த மாம்பழத்தில் ஒரு துண்டு. சில நாளில் என்னையும் 'அனக்' என்று கூப்பிட்டாள், கொஞ்சம் சத்தமாகவே. உள்ளே தம்பி டிவி சத்தத்தைக் குறைத்தான். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

ஒருநாள் அவன் வந்து என்னை இடித்துத் தள்ளிக்கொண்டு உட்கார்ந்தான்.

"உனுக்கு ஒண்ணும் வர்ல, தள்ளுக்கா."

சொல்லிவிட்டுச் சித்தியிடம் அந்த மொழியில் மூச்சுவிடாமல் எதையோ பேசினான். சித்தி பதில் சொன்னாள். அவன் மறுபடி பேசினான். எனக்குத் தெரிந்த இஸ்டா அதில் எங்குமே வரவில்லை. அன்றிலிருந்து அவர்கள் பேசிக்கொண்டே இருந்தார்கள், பாடம் நின்றுவிட்டது. மாம்பழத்தை அவன் தின்றுவிட்டான் என்பதுதான் அப்போது என் பெரிய வருத்தம்.

தம்பி அப்படி வந்து உட்காருவதற்கு முந்தைய நாட்களில், நான் ஒவ்வொரு வார்த்தை சொல்லும்போதும் சித்தி என் முகத்தைப் பார்த்ததில்லை. எனக்குப் பின்னால், வீட்டுக்குள் போகும் கதவையே பார்த்துக்கொண்டிருப்பாள். மீன் இருந்ததல்லவா, பூனை வருகிறதா என்று பார்க்கிறாள் என்றுதான் நினைத்தேன்.