போறணைக்குள் பார்த்தவர்

வியாழக்கிழமை மத்தியானம் லூயிஷாம் நிலையத்தில் ரயிலுக்குக் காத்திருந்தபோது தர்சினியின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. எடுத்தவுடன், "என்ன, சாப்பிட்டாச்சா?" என்று கேட்டேன். பதில் சொன்னது ஓர் ஆண் குரல்.

"நளினி அக்கா, நான் குமரன், தர்சினியின்ர தம்பி. அக்கா மோசம் போயிட்டா. மூளையில ரத்தம் கசிஞ்சதாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயும் ஒண்டும் செய்யேலாமப் போச்சு."

ரயில் வந்தது. கதவுகள் திறந்தன, மூடின. நான் அங்கேயே நின்றேன். ஏதோ ஓர் ஆய்வுக்கூடத்தில் ஏதோ ஒரு குறுகிய ஒப்பந்தக் காலத்தில் தர்சினியோடு வேலை செய்த உங்களில் பலருக்கும் இதற்குள் செய்தி எட்டியிருக்கும். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நீங்கள் அறிந்த தர்சினியோடு நான் அறிந்த தர்சினியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முனைவர் பட்டம் முடித்த கையோடு ஓராண்டு ஒப்பந்தத்தில் நாங்கள் இருவரும் இங்குள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் ஒரே அறையில் சேர்ந்தோம். நான் ஈரோட்டிலிருந்து வந்தவள். அவர் யாழ்ப்பாணத்தில் பிறந்து, டென்மார்க்கில் வளர்ந்து, குடும்பத்தோடு இந்த நகரத்தின் தோர்ண்டன் ஹீத் பகுதிக்கு வந்தவர். ஒரு ரொட்டித் தொழிற்சாலைக்காக, அடுப்புக்குள் மாவு எப்படி வேகிறது என்று கணினியில் கணக்கிட்டுக் காட்டுவது எங்கள் வேலை. சூடு எவ்வளவு உள்ளே போகிறது, ஈரம் எவ்வளவு வெளியேறுகிறது, மேல்தோல் எப்போது இறுகுகிறது என்பதையெல்லாம் கணினியே சொல்லிவிட்டால், மூட்டை மூட்டையாக மாவை வீணாக்கிச் சோதிக்க வேண்டியதில்லை.

முதல் வாரம் ஒரு நாள், "போறணைக்குள்ள பாண் வேகேக்க ஈரம் எந்தப் பக்கம் போகுதெண்டுதான் எனக்கு விளங்கேல்லை" என்றார். பாண் என்பது ரொட்டி என்று ஊகித்துவிட்டேன்.

"போறணைன்னா என்னங்க?"

"அவன்."

"எவன்?"

அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறைக்காரர் எட்டிப் பார்த்தார். அடுப்பைக் குறிக்கும் 'ஓவன்' என்ற ஆங்கிலச் சொல்லை அவர் சொல்ல, நான் யாரோ ஓர் ஆளைத் தேடிக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து எங்கள் இருவருக்கும் அது போறணைதான்.

ஒப்பந்தம் முடியும் தறுவாயில், கணினி கணித்து வரைந்த சூட்டின் கோடு, தொழிற்சாலையின் ஓர் அடுப்பில் நாங்கள் அளந்த புள்ளிகளின் மேல் அப்படியே போய் உட்கார்ந்தது. திட்டத்தை நடத்திய எங்கள் பேராசிரியருக்கு மகிழ்ச்சி. தொழிற்சாலைக்காரர்களிடம் இதைக் காட்டினால் எங்களுக்கு இன்னும் ஓராண்டு நீட்டிப்புக் கிடைக்கும் என்றார். தர்சினி மட்டும் திரையைவிட்டு எழவில்லை.

"பொருந்துது எண்டவுடன சந்தோஷப்படாதீங்கோ நளினி. ஏன் பொருந்துது எண்டு கேளுங்கோ."

காரணம் இருந்தது. காற்றிலிருந்து மாவுக்குச் சூடு போகும் வேகத்தைக் குறிக்கும் எண்ணை நாங்கள் அளந்து எடுக்கவில்லை. கோடு பொருந்தும்வரை மாற்றி மாற்றிப் போட்டிருந்தோம். இந்தத் துறையில் பலரும் செய்வதுதான். ஆனால் இன்னோர் அடுப்புக்கு அந்த எண் நிற்காது.

கூட்டத்தில் தொழிற்சாலையின் பொறியாளர், இதை வைத்து எங்கள் அடுப்புகள் எல்லாவற்றின் சூட்டையும் மாற்றிவிடலாமா என்று கேட்டார். பேராசிரியர் எங்களைப் பார்த்தார். இது அந்த ஓர் அடுப்புக்குத்தான் சரி, மற்றவற்றுக்கு என்னால் உறுதி சொல்ல முடியாது என்று தர்சினி மெல்லிய குரலில் சொன்னார்.

திரும்பும் ரயிலில் கேட்டேன். "வேலை போயிடுமே, பயமா இல்லையா?"

"ஓம், பயம்தான். அம்மாவுக்கு என்ன சொல்லுறதெண்டு தெரியேல்லை. ஆனா அந்த ஆக்கள் எங்கட சொல்லை நம்பி எல்லாத்தையும் மாத்திப்போட்டு, பாண் கருகினா ஆரைக் கேப்பினம்?"

பொறியாளர் வேறோர் அடுப்பில் அளந்து பார்க்க எங்களை அனுமதித்தார். எங்கள் அழகான கோடு அங்கே எங்கேயோ போனது. மிஞ்சியிருந்த வாரங்களில் அந்த எண்ணை இரண்டு அடுப்புகளிலும் முறையாக அளந்து, கணக்கை அடியிலிருந்து மறுபடி எழுதினோம். புதிய கோடு புள்ளிகளைத் தொட்டும் தொடாமலும் போனது. ஆனால் இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி போனது. தொழிற்சாலை அதைத்தான் எடுத்துக்கொண்டது. பேராசிரியர் எங்கள் அறைக்கே வந்து, அன்று நான் சொல்ல வேண்டியதை நீ சொன்னாய் என்று தர்சினியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். நீட்டிப்பு மட்டும் வரவில்லை. திட்டத்தில் நிதி தீர்ந்திருந்தது.

அதன்பின் அவர் ஓர் ஊரில் உருளைக்கிழங்கு பொரிவதையும், இன்னோர் ஊரில் பால் பொடியாக உலர்வதையும் கணக்கிட்டார். எல்லாம் குறுகிய ஒப்பந்தங்கள். இன்னும் நிரந்தர வேலை இல்லையா என்று உறவினர்கள் கேட்டால், "வேலை நிரந்தரம்தான், நான்தான் மாறி மாறிப் போறன்" என்பாராம்.

இறுதிச் சடங்கில் அவருடைய அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "பிள்ளை, நீங்கள் ஒண்டா வேலை செய்தனீங்கள்தானே. இவள் என்ன படிச்சு என்ன செய்தவள் எண்டு சனம் கேக்குது. எனக்குச் சொல்லத் தெரியேல்லை." நான் அவர் மகளிடம் கற்ற தமிழிலேயே சொன்னேன். பாண் வேகும்போது உள்ளே நடப்பதை யாராலும் எட்டிப் பார்க்க முடியாது. அதைக் கணக்குப் போட்டுப் பார்த்தவர் உங்கள் மகள். தெரியாததைத் தெரியும் என்று ஒருநாளும் சொல்லாதவர். அம்மா முழுவதையும் கேட்டார். பிறகு பக்கத்திலிருந்தவர்களிடம் திரும்பி, "கேட்டனீங்களே?" என்றார்.

இப்போதும் திரையில் ஏதாவது கோணலாக வந்தால், படமெடுத்து அவருக்கு அனுப்பக் கை போகிறது. பெயரைத் தேடி எடுத்த பிறகுதான் நினைவு வருகிறது. நான் சொல்வதைப் பாதியிலேயே பிடித்துக்கொண்டு மீதியை அவரே சொல்லிவிடுவார். அப்படி ஒருவர் இந்த நகரத்தில் இனி எனக்கு இல்லை.

பிளேஸ்டோவில் இப்போதுள்ள வீட்டுக்கு நான் வந்தபோது, பெட்டிகளைக் கட்டியபடியே சுவரோரம் அடுக்கியிருந்தேன். இதுவும் குறுகிய ஒப்பந்தம்தான். பிரித்தால் மறுபடி கட்ட வேண்டுமே. பார்க்க வந்த தர்சினி வாசலிலேயே நின்றுவிட்டார். "இதென்ன கோலம்? கொஞ்ச நாளெண்டாலும் இருக்கிற இடத்தில ஒழுங்கா இருங்கோ" என்று குளிருக்குப் போட்டிருந்த கோட்டைக்கூடக் கழற்றாமல் பெட்டிகளைப் பிரித்தார். தட்டுகளையும் டம்ளர்களையும் துடைத்துச் சமையலறையின் மேல்தட்டில் வரிசையாக அடுக்கினார். அவர் நல்ல உயரம். எனக்கு அது எட்டாது என்று அவருக்குத் தோன்றவில்லை. எனக்கும் சொல்ல மனம் வரவில்லை.

அவருடையதாக என்னிடம் இருப்பது அந்த மேல்தட்டுதான். தண்ணீர் குடிக்க வேண்டுமென்றால் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறுகிறேன். கீழ்த்தட்டு காலியாகத்தான் கிடக்கிறது.