அக்குளில் ஒளித்த கை

நடவு முடிந்த மறுநாள் வாய்க்காலில் முகம் கழுவக் குனிந்தேன். இடது கை தானாக எழுந்து தண்ணீரை அறைந்தது. இறக்கினேன், மறுபடி எழுந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் விளையாடுகிறேன் என்று சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் பக்கவாதம் என்றார். வாதம் வந்தால் கை விழும் என்றுதான் கேள்விப்பட்டிருந்தேன். எனக்கோ ஓயாமல் ஆடியது. மூளைக்குள் அசைவை அடக்கி வைக்கும் இடத்தில் இரத்தம் அடைபட்டிருக்கிறதாம். ஹெமிபாலிசம் (உடம்பின் ஒரு பக்கம் தன்னிச்சையாக வீசியடிப்பது) என்று பெயர் சொன்னார். மாத்திரையில் மெல்ல அடங்கும் என்றார்.

அதுவரை? சோற்றுத் தட்டு பறந்தது. மனைவி ஞானத்தின் கன்னத்தில் ஒருமுறை பளீரென்று பட்டது. அவள் கன்னத்தைத் தடவிக்கொண்டு மறுபடி சோறு போட்டாள். எனக்குத்தான் வெட்கம் பிடுங்கித் தின்றது. டீக்கடைக்குப் போவதை நிறுத்தினேன். கையை மார்போடு மடித்து அக்குளில் செருகி, வலது கையால் அழுத்தினால் மட்டும் கொஞ்சம் ஓய்ந்தது.

அந்த நிற்பு எனக்கு ஆகாது. மிராசுதார் முன்னால் என் அப்பா ஆயுள் முழுக்க அப்படிக் கைகட்டித்தான் நின்றார். விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் சேர்ந்ததும் நாங்கள் முதலில் விட்டது அதைத்தான். ஆட்சி மாறியிருந்த காலம் அது. மிராசுதார்கள் மாறவில்லை.

அறுவடைக்கு முன் தாசில்தார் ஆபீசில் கூலிப் பேச்சு. ஊருக்காகப் பேச வேண்டியவன் நான். கையைக் கட்டிக்கொண்டு போய் நின்றேன். மிராசுதார் ஏற இறங்கப் பார்த்தார்.

“இப்பதான்டா ஒனக்கு நிக்கத் தெரிஞ்சிருக்கு.”

எங்கள் ஆட்கள் தலைகுனிந்தார்கள். பணிந்துவிட்டேன் என்றே நினைத்திருப்பார்கள். நோய் என்று சொல்ல வாய் வரவில்லை.

பெண்கள் பக்கத்திலிருந்து ஞானம் எழுந்து வந்தாள்.

“கைய எடுத்து விடுங்க. ஆடுனா ஆடிட்டுப் போவுது. நீங்க பேசுங்க.”

எடுத்தேன். அது மேசையிலிருந்த தண்ணீர்க் குவளையை அடித்து மிராசுதார் வேட்டியை நனைத்தது. உடம்பெல்லாம் கூசியது. கை வீச வீச, கேட்க வேண்டிய கூலியைக் கேட்டு முடித்தேன். யாரும் சிரிக்கவில்லை. கேட்டதில் பாதிதான் கிடைத்தது.

அடுத்த நடவுக்குள் இடது கை அடங்கிவிட்டது. உங்களுக்கும் இப்படி ஆடினால் உடனே டாக்டரிடம் காட்டுங்கள். என்னைப் போல ஊருக்கு வெட்கப்பட்டு ஒளிக்காதீர்கள்.

இத்தனை வருடம் கழித்தும், களைத்துப்போனால் அந்த விரல்கள் துள்ளும். உடனே வலது கை, என்னைக் கேட்காமலே, அதைப் பிடித்து அக்குளுக்குக் கொண்டுபோகும். அந்த வலது கைக்குத்தான் இன்னும் மருந்து கிடைக்கவில்லை.