யாரென்று கேட்காத வீடு

மலேசியாவில் எங்கள் முதல் காலையில் தேநீர் நூல் கட்டிய பிளாஸ்டிக் பையில் வந்தது. பிரிக்பீல்ட்ஸ் சாலையோர ஒட்டுக்கடைக்காரர் பையின் கழுத்தைச் சுருக்கி, உறிஞ்சுகுழல் ஒன்றைச் செருகி, என் மகள் மலரின் சுட்டுவிரலில் அதை மாட்டிவிட்டார். எட்டு வயதுக்காரிக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? இந்த ஊரிலேயே இருந்துவிடலாம் என்று அங்கேயே தீர்ப்புச் சொல்லிவிட்டாள். நான் முறைத்தேன். இருந்துவிடலாமா கூடாதா என்பதுதான் அந்தப் பத்து நாளும் எங்கள் தலைக்கு மேல் தொங்கிய கேள்வி.

எண்பதுகளின் நடுவில் நடந்த கதை இது. எங்கள் வீட்டுக்காரர் திருச்சியில் அச்சு இயந்திரம் ஓட்டிக்கொண்டிருந்தார். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் இருந்த என் நாத்தனார், கிள்ளானில் ஓர் அச்சகத்துக்குப் புது இயந்திரம் வருகிறது, ஓட்ட ஆள் தேவைப்படுகிறது, தீபாவளிக்கு வந்து ஊரையும் பாருங்கள், முதலாளியையும் பாருங்கள் என்று எழுதியிருந்தார். வீட்டுக்காரருக்கு உடனே இறக்கை முளைத்துவிட்டது. நான் உறையூரில் பள்ளிக்கூட ஆசிரியை. எங்கள் தெருவில் ஒரு புது ஆள் கால் வைத்தால் போதும், யார், எந்த ஊர், யார் வீட்டுக்கு, என்ன உறவு என்று நான்கு வாசலில் பதில் சொல்லித்தான் ஐந்தாவது வாசலுக்குப் போக முடியும். அந்தத் தொல்லையைத் திட்டிக்கொண்டே வளர்ந்தவள்தான் நானும். ஆனால் எனக்கு ஒன்றென்றால் அந்த நான்கு வாசலும் ஓடி வரும். கடல் தாண்டிப் போய் நாம் யாரென்று கேட்க ஒரு நாதியில்லாத ஊரில் குடித்தனம் நடத்துவதா? அவராக முதலாளியிடம் மறுக்கப் போவதில்லை. ஆகவே நானே 'வேண்டாம்' என்று சொல்லிவிடுவது என்று விமானம் ஏறும்போதே முடிவு செய்திருந்தேன்.

ஊர் மட்டும் என்னை ஏமாற்றப் பார்த்தது. பத்துமலையில் மூச்சு வாங்கப் படியேறி நிமிர்ந்தால் குகைக்குள் முருகன். இறங்கி வந்தால் தமிழில் பேரம் பேசும் சீனப் பூக்காரி. நாலு மணிக்கு மழை சொல்லிவைத்தாற்போல் வரும், கொட்டும், போய்விடும், ஒருவரும் ஓடுவதில்லை. உறையூரில் அப்படி ஒரு மழை பெய்தால் பள்ளிக்கூடத்துக்கே விடுமுறை விட்டிருப்போம். வாய்விட்டுப் புகழ்ந்தால் வீட்டுக்காரர் பிடித்துக்கொள்வாரே என்று, ஒவ்வொன்றையும் பார்த்து 'பரவாயில்லை' என்று மட்டும் சொல்லிவைத்தேன்.

தீபாவளியன்று மதியம் முதலாளி வீட்டில் விருந்து. நாத்தனாரின் சொந்த வீட்டிலேயே விருந்தாளிகள் குவிந்துவிட்டதால், முகவரியை ஒரு தாளில் எழுதிக் கொடுத்து எங்களைக் கிள்ளான் பஸ்ஸில் ஏற்றிவிட்டார். இறங்கிப் பார்த்தால் குடியிருப்பு முழுக்க ஒரே அச்சில் வார்த்த வீடுகள். வீட்டு எண் பதினேழு. வாசலில் வண்ண அரிசிக் கோலம், தோரணம், வெளியே மலைபோல் செருப்புகள். இவ்வளவு செருப்பு இருந்தால் முதலாளி வீடாகத்தான் இருக்கும் என்றார் இவர். என் பழுப்பு நிறத் தோல் செருப்பையும் அந்த மலையில் கழற்றிவிட்டு உள்ளே போனோம்.

"வாங்க வாங்க, உள்ள வாங்க" என்று கையைப் பிடித்து உட்கார வைத்தார் அந்த வீட்டுச் சொந்தக்காரர், பருத்த, சிரித்த முகத்து அண்ணன் ஒருவர். அவர் மனைவி எங்கள் கையில் சிவப்புச் சர்பத்தும் முறுக்குத் தட்டும் திணித்தார். கூடத்தில் தொப்பி வைத்த மலாய்க்காரர்கள் சோறும் கோழிப் பெரட்டலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அரைக்கால் சட்டை போட்ட சீனர் ஒருவர் ஆரஞ்சுப் பெட்டியோடு வந்தார், சாப்பிட்டார், போனார். மலாய்க்காரப் பெரியவர் என்னிடம் ஏதோ நீளமாகக் கேட்டார். நான் 'திருச்சி' என்றேன். அவர் தலையாட்டி என் தட்டில் இன்னொரு கோழித் துண்டை வைத்தார். எங்களை யாரென்று மட்டும் ஒருவர்கூடக் கேட்கவில்லை. பெரிய மனிதர் வீடு, நாங்கள் வருவதை முன்பே சொல்லிவைத்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

சாப்பாடு தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. இதற்கு மேலும் தின்றுவிட்டு மறுத்தால் நன்றி மறந்தவள் ஆகிவிடுவேன் என்று பட்டது. தட்டைக் கீழே வைத்துவிட்டு அந்த அண்ணனிடம் நேராகச் சொன்னேன்.

"ஐயா, தப்பா நினைக்காதீங்க. நல்லா யோசிச்சுட்டோம். இந்த ஊரு எங்களுக்குச் சரிப்படாது."

என் வீட்டுக்காரர் முகம் செத்துவிட்டது. அண்ணன் கொஞ்சமும் அசரவில்லை.

"அதெல்லாம் மெதுவா பேசிக்கலாம் லா. ஆட்டுக்கறி இன்னும் வைக்கலையே உங்களுக்கு" என்று அந்த ஊர் 'லா'வை இழுத்துச் சொல்லிவிட்டுச் சட்டியை எடுக்கப் போனார்.

கை நழுவும் வேலையைப் பிடித்து நிறுத்த இவர் பின்னாலேயே ஓடினார். புது அச்சு இயந்திரம் எப்போது வருகிறது, வந்ததும் நானே பொருத்திக் கொடுத்துவிடுகிறேன் என்று கெஞ்சாத குறையாகச் சொன்னார். அண்ணன் சட்டியும் கரண்டியுமாக நின்றார்.

"மெஷினா? நான் போர்ட் கிள்ளான்ல லோரி ஓட்டுறேன் அண்ணே."

எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. முகவரித் தாளை வாங்கிப் பார்த்தார். அதே எண்தான், ஆனால் அடுத்த தெரு. ஒவ்வொரு தெருவுக்கும் எண் ஒன்றிலிருந்து தொடங்கும் என்பது எங்களுக்கு எப்படித் தெரியும்? அவர் எங்களை மனைவி வழி உறவு என்று நினைத்திருந்தார். மனைவியோ லோரி சிநேகிதர் குடும்பம் என்று நினைத்திருந்தார். தெரியாதவர்களை உட்கார வைத்து இவ்வளவும் போட்டீர்களே, யாரென்று ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா என்று அழாத குறையாகக் கேட்டேன்.

அந்த அக்காவுக்கு என் கேள்வியே விளங்கவில்லை. "தீபாவளிக்கு வந்தவங்கள யாருன்னு எப்படிம்மா கேட்கிறது?" என்றார்.

யாரென்று கேட்க ஆளில்லாத ஊர் என்றுதானே பயந்தேன். கேட்காமலேயே சோறு போடும் ஊர் ஒன்று இருக்கும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? சந்தோஷமாக இருந்தது, வெட்கமாகவும் இருந்தது. சிரிக்க ஆரம்பித்தேன். கூடமே சிரித்தது, ஒரு வார்த்தை புரியாத மலாய்ப் பெரியவர் உட்பட. அண்ணன் அந்தச் சிரிப்போடேயே எங்களை அவசரமாகச் செருப்பு மாட்டச் சொல்லி, அடுத்த தெருவில் உண்மையான முதலாளி வீட்டு வாசலில் கொண்டுபோய் ஒப்படைத்தார்.

அங்கே இன்னொரு விருந்து! நிரம்பிய வயிற்றில் மறுபடியும் அடைத்தோம். ஒல்லியான, கண்டிப்பான மனிதர் முதலாளி. கை கழுவியதும் என்ன முடிவு என்று கேட்டார். வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்; நான் சொல்லப்போவது அவருக்குத் தெரியும். நானும் வாயைத் திறந்தேன். ஒரு தடவை செலவான 'வேண்டாம்' இரண்டாம் தடவை வரவில்லை.

"ஊருக்குப் போயி பள்ளிக்கூடத்துல சொல்லிட்டு வந்துடறோம் ஐயா" என்றேன்.

திரும்பும் பஸ்ஸில் மலர்தான் என் காலைக் காட்டினாள். இடது காலில் என் செருப்பு. வலது காலில் அதே பழுப்பு நிறத்தில் வேறு யாருடையதோ, ஒரு விரற்கடை பெரியது. ஏதோ இடறுகிறதே என்று மாட்டியபோதே தோன்றியது. முதலாளி முகத்தைப் பார்ப்பேனா, காலைப் பார்ப்பேனா? மறுநாள் விமானம். அந்த இரட்டையைப் போட்டுக்கொண்டுதான் உறையூர்த் தெருவில் தடக்தடக்கென்று நடந்து போய்த் தலைமையாசிரியரிடம் ராஜினாமாக் கடிதத்தைக் கொடுத்தேன். நான்கு வாசலிலும் காலைப் பார்த்துக் கேட்டார்கள். நான்கு வாசலிலும் கதையைச் சொன்னேன். சிரித்துக்கொண்டே அழுதார்கள், நானும்தான்.

கிள்ளானுக்குக் குடிவந்தபோது உரியவளிடம் கொடுத்துவிடலாம் என்று அந்த வலது செருப்பைக் கொண்டுவந்தேன். லோரி அண்ணன் வீட்டு அக்கா ஒவ்வொரு தீபாவளிக்கும் வருகிறவர்களின் காலைப் பார்க்கிறார். இன்றுவரை ஆள் அகப்படவில்லை. அது இங்கே என் வீட்டுச் செருப்புத் தட்டில் கிடக்கிறது. என்னுடைய இடது செருப்பு உறையூரில் அம்மா வீட்டுக் கதவோரம் கிடக்கிறது. ஒற்றைச் செருப்பை எதற்கடி வைத்திருக்க வேண்டும், தூக்கிப் போடட்டுமா என்று அம்மா கடிதத்துக்குக் கடிதம் கேட்கிறாள். இருக்கட்டும் அம்மா, நான் வந்து எடுத்துக்கொள்கிறேன் என்றே ஒவ்வொரு தடவையும் பதில் எழுதுகிறேன்.