சந்தனமாரி அக்காவின் அரைமணி நேரம்

அம்பாசமுத்திரத்தில் நான் வேலை பார்க்கும் அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகை வடிவங்கள் எல்லாம் மூலையிலிருக்கும் ஒரே கம்ப்யூட்டரில்தான் இருக்கின்றன. மற்ற மேசைகளிலிருந்து அதைத் திறந்து வேலை செய்வோம். காலையில் மட்டும் அது தானாகத் திறக்காது. சந்தனமாரி அக்கா கல்லிடைக்குறிச்சியிலிருந்து எங்களுக்கு அரைமணி நேரம் முன்னால் வந்து, அதில் ஒரு வரி தட்டி, மற்ற மேசைகளுக்குக் கோப்புகளைத் திறந்துவிடும் ஃபைல் ஷேரிங்கை எழுப்பிவிடுவார். இரண்டு வருடமாக இதுதான். சம்பளத்தில் அந்த அரைமணி நேரம் கிடையாது.

திங்கட்கிழமை மகளுக்குக் காய்ச்சல் என்று லீவு போட்டார். நான் முட்டிமோதித் திறக்கப் பதினொரு மணியாகிவிட்டது. மறுநாள் எங்கள் எல்லோர் முன்னாலும் முதலாளி எபனேசர் அண்ணாச்சி கத்தினார்.

"ஏளா, நீ இல்லன்னா கடை ஓடாதுன்னு காட்டுதியோ? கம்ப்யூட்டருக்குப் பூட்டு போட்டு வச்சிருக்கியா? நாளையிலேருந்து வராத!"

"நான் ஏன் அண்ணாச்சி பூட்டுதேன்? தெறந்துல்லா விடுதேன்!"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதைவிட என் மேல் கோபம். எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவன் நான், அதுவும் கம்ப்யூட்டர் படித்து. இங்கே சேர்ந்த எட்டு மாதமாக, அக்கா முன்னாலேயே வந்து தட்டுவது தெரிந்தும் ஏன் என்று கேட்டதில்லை.

கம்ப்யூட்டர் எழுதிவைத்திருந்த பதிவுகளைத் திறந்தேன். தினமும் காலையில் அதே தவறு: நெட்வொர்க் இல்லை. ஒருமுறை இடி விழுந்து ஜெராக்ஸ் மிஷின் போனதிலிருந்து, அண்ணாச்சி ராத்திரி மெயின் சுவிட்சை இறக்கிவிட்டுப் போவார். காலையில் ஜெபம் முடித்துத் தூக்குவார். எல்லாம் ஒரே நொடியில் உயிர்பெறும்.

"அண்ணாச்சி, நெட்வொர்க் பெட்டி முழிக்க ரெண்டு நிமிசம் ஆவுது. ஷேரிங் அதுக்கு முன்னாலயே எந்திச்சு, நெட்வொர்க்கத் தேடிட்டு, இல்லன்னு படுத்துருது. மெயினத் தூக்குதது நீங்கதான்."

"பட்டம் வாங்குனவரு எம்மேலயே பழியப் போடுதாரு!"

நெட்வொர்க் வந்தபின் எழு, முடியாவிட்டால் மறுபடி முயற்சி செய் என்று அமைப்பை மாற்றினேன். "இப்ப இறக்கித் தூக்குங்க." தூக்கினார். மூன்று நிமிடம் ஆனது. யாரும் எதையும் தட்டாமலே கோப்புகள் திறந்தன.

"சரி சரி, நீ நாளைக்கு வா. அவங்கவங்க வேலையப் பாருங்க" என்றார். மன்னிப்பு என்ற சொல் அந்த வாயில் வரவில்லை.

மறுநாள் அக்கா ஒன்பதரைக்கு எங்களோடு உள்ளே நுழைந்தார்.

"என்ன லேட்டு?"

"வேலை ஒம்பதரைக்குத்தான அண்ணாச்சி. பூட்டு போடுதவள எதுக்கு முன்னாலயே உள்ள விடணும்?"

அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.