முகம் விழாமல் எடுத்த பட்டம்

என் தம்பி துபாய் வேலையை விட்டு வரும்போது கொண்டுவந்த சாமான்களில் உருப்படியாக இருந்தது அந்தப் பட்டம் ஒன்றுதான். மற்றதெல்லாம் சென்ட் போத்தலும் பிஸ்தாவும். பட்டம் என்றதும் நாலு மூலைக் கடதாசியை நினைக்க வேண்டாம். இது முக்கோணத் துணி. உள்ளே காபன் குச்சிகள். இரண்டு நூல், ஒவ்வொன்றின் முனையிலும் கையில் மாட்ட ஒரு பட்டி. இடக்கையை இழுத்தால் இடப்பக்கம் திரும்பும், வலக்கையை இழுத்தால் வலப்பக்கம். ஒற்றை நூல் பட்டத்தை ஏற்றிக் கட்டிவிட்டுக் கச்சான் கடலை கொறிக்கலாம். இதை ஒரு கணம் மறந்தால் மண்ணில் மூக்கைக் குத்தும்.

தம்பி அதை இரண்டு கிழமை கொழும்புக் காலிமுகத்திடலில் விட்டான். ஆடி ஆவணியில் அங்கே கடலிலிருந்து அடிக்கிற காற்றுக்குப் உடுத்துக் கிழிந்த சாரத்தை நூலில் கட்டி விட்டாலும் பறக்கும். சனம் கூடிநின்று பார்த்தது. ஒரு குச்சி முறிந்ததும் பட்டத்தை அலுமாரிக்கு மேலே எறிந்துவிட்டான். தொடங்குவதில் அவன் எப்போதும் கெட்டிக்காரன். முடித்துக் கொடுக்க ஐந்து வயது மூத்தவளாக நான் இருந்தேன்.

பேலியகொடையில் மீன்பிடிச் சாமான் விற்கும் கடையில் அதே தடிப்பில் ஒரு தூண்டில் குச்சி கிடைத்தது. எதற்கு என்று கடைக்காரப் பெடியன் சிங்களத்தில் கேட்டான். பட்டத்துக்கு என்றேன். மகனுக்கா என்றான். ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். எனக்கு முப்பத்தொன்பது வயது, கலியாணம் ஆகவில்லை. பொய் சொல்லவேண்டிய தேவையே இல்லாத இடத்திலும் ஒளிந்துகொள்கிற பழக்கம் எனக்கு அப்போதே இருந்தது.

நுகேகொடையில் ஒரு கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பது என் வேலை. பத்து மணிக்குப் போனால் போதும். அதனால் காலை ஆறு மணிக்கு வெள்ளவத்தையில் தண்டவாளத்தைக் கடந்து கடற்கரைக்கு இறங்குவேன். அந்த நேரத்தில் காற்று தரையிலிருந்து கடலுக்குப் போகும். நேர்மையில்லாத காற்று. மாடிவீடுகளுக்கு இடையால் நுழைந்து ஒரு ஒழுங்கையில் வரும், அடுத்ததில் வராது. முதுகைத் தண்டவாளத்துக்குக் காட்டி நிற்பேன், பட்டம் கடலுக்கு மேலே நிற்கும். விழுந்தால் தண்ணீரில்தான். முதல் மாதத்தில் எத்தனை தரம் அதை உப்பும் மண்ணுமாக இழுத்துக்கொண்டுபோய்க் குளியலறையில் அலசியிருப்பேன் என்று கணக்கில்லை.

காற்று குறைந்தால் நூலை இழுக்கத்தான் கை வரும். அது பிழை. கையைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு பின்னுக்கு நடக்க வேண்டும். நடக்கிற நடையே பட்டத்துக்குக் காற்று. ஏறியதும் முன்னுக்கு நடந்து, விட்ட இடத்தைத் திரும்பப் பிடிக்க வேண்டும். எனக்குப் பின்னால் தண்டவாளத்துக் கருங்கல். எட்டு அடிதான் இருந்தது. அந்த எட்டு அடிக்குள் நான் படித்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு நூலையும் பல்கனிக் கம்பியில் கட்டி இழுத்துப் பார்ப்பேன். சின்னி விரல் அகலம் வித்தியாசம் இருந்தாலும் பட்டம் ஒருபக்கமாகக் கோணிக்கொண்டு போகும்.

'அக்ஸல்' என்று ஒரு வித்தை இருக்கிறது. பட்டத்தை ஆகாயத்தில் அப்படியே நிறுத்தி, ஒரு கையால் ஒரு வெட்டு வெட்டி, உடனே இரண்டு நூலையும் தளரவிட வேண்டும். அப்பச் சட்டியை எடுத்து மாவைச் சுழற்றுவோமே, அப்படி அது வயிற்றில் படுத்து ஒரு சுற்றுச் சுற்றி எழும்பும். வெட்டுவது சுலபம், விடுவதுதான் வராது. எனக்கு எட்டு மாதம் பிடித்தது. காற்றே இல்லையென்று சொல்லக்கூடிய ஒரு காலையில் வந்தது. அன்று முழுவதும் வந்தவர்களுக்கெல்லாம் சிரித்துச் சிரித்துக் கண் பார்த்தேன்.

இதெல்லாம் தொப்பி போட்டுக்கொண்டு, தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. தண்டவாளத்துக்கு அப்பால், மரைன் டிரைவ் தெருவில் காலைநடை போகிறவர்கள் சுகர் குறைவதற்காக மட்டும் நடப்பதில்லை. அவர்கள் கண்ணில் பட்டது மத்தியானத்துக்குள் டொரொன்டோச் சொந்தங்கள்வரை போய்ச் சேரும். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது. அம்மாவும் அதையேதான் சொன்னா.

"தம்பிக்குப் பொம்பிளை பாக்கிற நேரம், பிள்ளை. அக்காக்காரி கடற்கரையில துள்ளித் திரியிறாள் எண்டு ஒருத்தரும் கதைக்கக்கூடாது."

அந்த வருடம் கொழும்பில் பட்டம் விடுகிற ஒரு குழு அறிவித்தல் போட்டது. மலேசியாவில் நடக்கும் பட்டத் திருவிழாவுக்கு இரட்டை நூல் விடுகிற ஒருவரை அனுப்பப் போகிறார்கள். டிக்கெட், தங்குமிடம் எல்லாம் அவர்கள் பொறுப்பு. குறைந்த காற்றில் விடும் ஒரு நிமிட வீடியோ அனுப்பவேண்டும். குறைந்த காற்று. அந்த வரியை மட்டும் திரும்ப வாசித்தேன். லண்டன் சம்பந்தம் ஒன்று பேசியபோது எடுத்த பாஸ்போட் என்னிடம் இருந்தது. சம்பந்தம் குழம்பியதில் பாஸ்போட் ஒரு முத்திரையும் விழாமல் கிடந்தது. நான் இந்தத் தீவை விட்டு ஒருநாளும் வெளியே போனதில்லை. போகவேண்டும் என்று அவ்வளவு ஆசைப்பட்டேன்.

வீடியோ எடுக்கத் தம்பியைக் கூட்டிப்போனேன். "முகம் விழாமல் எடு" என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். "முதுகும் வேண்டாம், பட்டத்தை மட்டும் எடு." அவன் அப்படியே எடுத்தான். சாம்பல் கடல், அதற்கு மேலே சிவப்புப் பட்டம், மூன்று அக்ஸல், கடைசியில் அலைக்கு ஒரு முழம் மேலே வந்து நின்று திரும்புகிறது. இப்போதும் பார்த்தால் குறை சொல்ல ஒன்றும் இல்லை. போர்மையும் நிரப்பி அன்று பின்னேரமே அனுப்பிவிட்டதாகத் தம்பி சொன்னான்.

மூன்று கிழமை கழித்துப் பதில் வந்தது. தெரிவானது தம்பி.

"போர்ம்ல போட்டோ கேட்டவை அக்கா," என்றான், சோற்றைப் பிசைந்துகொண்டே. "நீ தரமாட்டாய் எண்டு தெரியும். அதான் என்ரைய போட்டனான். பேரும் அப்ப என்ர பேர்தானே போடோணும். வீடியோவில ஆர் எண்டு தெரியாதுதானே."

அவன் திருடிவிட்டதாக அவனுக்குத் தோன்றவே இல்லை. அதுதான் என்னை எரித்தது. அந்தக் குழுவுக்கு உண்மையை எழுதப் போனோடு உட்கார்ந்தேன். அம்மா பக்கத்தில் வந்து நின்றா.

"அவன் கள்ளம் செய்தான் எண்டு எழுதப் போறியோ? பொம்பிளை வீட்டுக்காரர் கேள்விப்பட்டால்? அதோட, நீ தனிய மலேசியாவுக்குப் போவியோ?"

போவேன் அம்மா என்று சொல்லியிருக்கலாம். எழுதியதை எழுத்து எழுத்தாக அழித்தேன். ஒருவரும் என் கையைப் பிடிக்கவில்லை. முகம் விழாமல் எடு என்று சொன்ன வாயும் என்னுடையதுதான்.

அதற்குப் பிறகு நடந்தது இன்னும் கேவலம். போவதற்கு முன் தனக்கு அதைச் சொல்லித்தரச் சொன்னான். சொல்லிக்கொடுத்தேன். இரண்டு காலை வந்தான், மூன்றாம் நாள் நித்திரை. காலிமுகக் காற்றில் பழகிய கைக்கு இழுக்க மட்டும்தான் தெரிந்தது. பின்னுக்கு நட என்றால், தோற்றுப்போகச் சொன்னதுபோல முறைத்தான். இரண்டு நாளில் பட்டம் ஏழு தரம் தண்ணீரில் விழுந்தது. ஏழு தரமும் நான்தான் இறங்கி எடுத்தேன்.

மலேசியாவில் அவன் பட்டம் விடவேண்டிய நாளன்று, காலையில் நான் கடையில் ஒருவருக்குக் கண் பார்த்துக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது.

"அக்கா, காத்து இல்லை. பின்னால முழுக்கக் கட்டிடம். எழும்புதில்லை. இன்னும் கொஞ்சத்தில என்ர பேரைக் கூப்பிடுவினம். என்ன செய்ய?"

நூலை இறுக்கி இழு என்று ஒரு சொல் சொன்னால் போதும், பட்டம் எல்லார் முன்னாலும் விழும். சொல்லவேண்டும் என்று நினைத்தேன், மறைக்கவில்லை. ஆனால் அந்தச் சிவப்புத் துணி முகம் குப்புற விழுவதை என்னால் நினைக்க முடியவில்லை. "கையைத் தாழ்த்து. பின்னுக்கு நட. ஏறினதும் முன்னுக்கு வா. அவசரப்படாத," என்றேன். "சரி சரி" என்று வைத்துவிட்டான். மறுபடி எடுக்கவில்லை. வந்தவருக்குக் கண்ணாடி இலக்கம் பிழையாக எழுதி, திரும்பவும் அழைத்துப் பரிசோதித்தேன்.

இரவு வீட்டுக்குப் போனபோது அம்மா வாசலிலேயே போனை நீட்டினா. குடும்ப வட்ஸ்அப்பில் தம்பியின் வீடியோ. பின்னால் கொடிகள், கழுத்தில் ஒரு அட்டை, பல்லெல்லாம் தெரியச் சிரித்து இரண்டு விரலைக் காட்டுகிறான். ஒரு நிமிடம் முழுவதும் அவனுடைய முகம்தான். கீழே கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் ஒரே கைதட்டல். பொம்பிளை வீட்டுக்காரருக்கும் அம்மா அனுப்பிவிட்டா.

"பார் பிள்ளை," என்றா, "எவ்வளவு வடிவா முகம் விழுந்திருக்கு."

"பட்டம் எழும்பினதோ?" என்று கேட்டேன்.

"அது எனக்குத் தெரியாது. அவன் அதைப்பற்றி ஒண்டும் சொல்லேல்லை," என்று அம்மா வீடியோவை முதலிலிருந்து மறுபடி போட்டா.