நாலு ஜோடி, மூணு ஜோடி

ஒரகடத்தில் எங்கள் அறைக்கு ஒரே ஒரு விதிதான். நான்கு பேருக்கு மேல் தங்கக்கூடாது. மாடித் தொட்டியில் அவ்வளவு பேருக்குத்தான் தண்ணீர் வரும் என்று வீட்டுக்கார அக்கா முதல் நாளே சொல்லியிருந்தார். நாங்கள் ஏழு பேர் இருந்தோம். கம்பெனி பஸ் வாசலிலேயே வந்து நிற்கும் அறை. அப்படி ஒன்று மறுபடி கிடைக்காது.

ஏழு பேரும் சேர்ந்தாற்போல் அறையில் இருந்ததே இல்லை. ஷிப்ட் எங்களைப் பிரித்து வைத்திருந்தது. எல்லோருக்கும் ஒரே சாம்பல் நிறச் சட்டை, ஒரே தூங்காத முகம். அக்காவுக்கு ஆள் அடையாளம் தெரியாது. சிக்கல் செருப்பில்தான். வேலைக்குப் போகிறவன் சேஃப்டி ஷூவை மாட்டிக்கொண்டு போய்விடுவான். அவன் செருப்பு வாசலில் கிடந்து ஆள் கணக்கைக் காட்டிக்கொடுக்கும். அதனால், போனவர்களின் செருப்பைப் பழைய அரிசிச் சாக்கில் போட்டுக் கதவுக்குப் பின்னால் ஒளித்து வைப்பது என்று திட்டம் போட்டோம். யோசனை என்னுடையது. அந்தப் பெருமையில் பல மாதம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

ஒருநாள் அக்கா, யு.கே.ஜி. படிக்கும் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார்.

"தம்பி, நீ டிப்ளமோ படிச்சவன்தானே? இவளுக்குக் கொஞ்சம் கணக்கு சொல்லிக் குடேன். நூறு வரிக்கும் பாட்டு மாதிரி பாடறா. மூணு கிரையான் எடுன்னா டப்பாவையே தூக்கினு வரா. கூட்டல்னா முழிக்கிறான்னு மிஸ்ஸு தெனமும் டைரில எழுதி அனுப்புது."

டிப்ளமோவில் கணக்குத்தாளை நான்கு தடவை எழுதியவன் என்பதை நான் சொல்லவில்லை.

முதல் பாடம் வேர்க்கடலை. ஐந்து வைத்தேன், இரண்டு சேர்த்தேன். "மொத்தம் எத்தனை?"

"ஒண்ணுமில்ல" என்றாள், மென்றுகொண்டே. தரையைப் பார்த்தேன். சரியான விடை.

தின்ன முடியாத பொருளாக வேண்டும். கம்பெனியில் நட்டு மலையாகக் குவிந்து கிடக்கிறது. ஆனால் ஒன்று பையில் மாட்டினாலும் மறுநாள் வேலைக்குப் போக வேண்டியதில்லை. வாசலைப் பார்த்தேன். செருப்பு!

வரிசையாக வைத்தோம். "எத்தனை?"

"எட்டு."

"நாலு பாப்பா."

"எட்டு!" ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணிக் காட்டினாள். அவள்தான் சரி. ஜோடியை ஒன்றாக எண்ண வேண்டும் என்று புரியவைக்க ஒரு சாயங்காலம் ஆனது. புரிந்தபின் ஒவ்வொரு ஜோடிக்கும் முன்னால் குதித்து, "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு" என்றாள். அதுவரை பாட்டாக இருந்த எண்கள் முதல்முறையாகத் தரையில் கால் ஊன்றின. எனக்குப் புல்லரித்துவிட்டது.

"இன்னும் பெரிய கணக்கு, அண்ணா!"

நாலுக்கு மேல் கூட்டச் செருப்பில்லை. அந்த உற்சாகத்தில் மூளை எங்கே போனதோ, உள்ளே போய்ச் சாக்கை எடுத்து வந்து வாசலில் கவிழ்த்தேன்.

"நாலு ஜோடியோட இந்த மூணு ஜோடி சேர்ந்தா?"

குதித்துக்கொண்டே போனாள். "ஏழு!"

"அக்கா! ஓடி வாங்க! ஏழுன்னு கரெக்டா சொல்லிட்டா!"

அக்கா ஓடி வந்தார். மகளைத் தூக்கி முத்தம் கொடுத்தார். பிறகு வரிசையைப் பார்த்தார். அவர் உதடுகளும் எண்ணின.

"ஏழு பேரா கீறீங்க?"

உள்ளே படுத்திருந்த மூவரும் போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டார்கள்.

"அதான் தொட்டி காலைலயே காலியாவுதா? நான் இன்னாடான்னா பைப்பு ஒழுவுதுன்னு பிளம்பர இட்டாந்து செவுத்த ஒடைச்சிக்கினு கீறேன்!" சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. விதி மட்டும் மாறவில்லை. "பாப்பாக்கு கூட்டலு வந்துடிச்சி தம்பி, ரொம்ப சந்தோசம். ஒண்ணாந்தேதிக்குள்ள மூணு பேரு வேற ரூம் பாத்துக்கங்க."

இனி ஒளிய வேண்டியதில்லை என்பதால், அந்த ஞாயிற்றுக்கிழமை ஏழு பேரும் முதல்முறையாக ஒன்றாக உட்கார்ந்தோம். மூச்சு விடக்கூட இடமில்லை. யார் யார் போவது என்று சீட்டுக் குலுக்கலாம் என்றேன். மூன்று பேரைத் தேர்ந்தெடுக்கக் காகிதம் கிழிக்கவும் தொடங்கினேன்.

எங்களில் ஒருவனான திருநெல்வேலிக்காரன் என் கையைப் பிடித்தான். "ஏலே வாத்தியாரே, ஒரு ஆளு ஏற்கெனவே முடிவாயாச்சு. ரெண்டு பேருக்குக் குலுக்குனாப் போதும்லே."